புத்தகத்தில் பிரம்பை ஒடித்தவர்

பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும் ஓர் இனம் உண்டு, வாசகரே. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்டுவிழா மேடையில் "பிள்ளைகளைப் பூப்போல மலர விடுங்கள்!" என்று முழங்கிவிட்டு, இறங்குகிற வழியிலேயே, முதல் வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் மாணவனின் காதைத் திருகிவிட்டுப் போவார். இதிலும் முற்றிய வகை ஒன்று இருக்கிறது. அது நாவல் எழுதும்.

கீரனூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆத்மநாதன் அந்த முற்றிய வகை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் வகுப்பறைக்கு இன்னும் வரவில்லையே என்ற ஏக்கத்தில், மூன்று கோடை விடுமுறைகளைச் செலவழித்து 'மணியடிக்காத தீவு' என்றொரு மாயாஜால நாவலை எழுதி முடித்தார். அதில் ஓர் அசுரன் வருவான். பிள்ளைகளின் காதில் புனல் வைத்துப் பாடத்தை ஊற்றுவான், வருஷக் கடைசியில் தலைகீழாகக் கவிழ்ப்பான், ஊற்றியதைச் சொட்டுக் குறையாமல் திருப்பிக் கொட்டாத பிள்ளையைக் கல்லாக்கிவிடுவான். தப்பித்துத் தீவுக்குப் போன பிள்ளைகளுக்கோ கேள்வி கேட்கக் கேட்கச் சிறகு முளைக்கும். பொய் சொல்வானேன், நல்ல கதைதான். பிரம்பை ஒடித்துக் கடலில் எறியும் கட்டத்தை எழுதும்போது அவருக்கே கண்ணீர் வந்துவிட்டது. வெளியே கூச்சல் போட்ட அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பிரம்போடு விரட்டிவிட்டு வந்துதான் மீதியை அழுதார்.

புத்தகம் ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, துணைப்பாடம் ஆயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? அத்தியாயத்துக்கு ஐந்து குறிப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். சிறகு முளைக்கக் காரணங்கள் ஐந்து. நாலு சொன்னவன் பெஞ்சு மேல். ஆறாவது இருக்கக் கூடாதா என்று கேட்டவன் வகுப்புக்கு வெளியே.

அந்த வகுப்பில் கொத்தனார் மரியசெல்வத்தின் மகள் சந்தனமேரி படித்தாள். நாவலை நாலு தடவை வாசித்தவள். 'அசுரனின் கொடுமைகளை விளக்குக' என்ற பரீட்சைக் கேள்விக்கு அவள் இப்படி எழுதினாள்: "அசுரனும் ஒரு காலத்தில் பிள்ளையாகத்தான் இருந்திருப்பான். அவன் காதிலும் யாரோ புனல் வைத்திருப்பார்கள். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது."

ஆத்மநாதனின் சிவப்புப் பேனா நின்றது. மூன்று கோடையிலும் தனக்கு உதிக்காத ஒன்று! மறுபடியும் வாசித்தார். பிறகு, 'குறிப்புகள் எங்கே?' என்று ஓரத்தில் எழுதிப் பூஜ்யம் போட்டார். நாலு மார்க்கில் சந்தனமேரி பெயில்.

மகளைக் கூட்டிக்கொண்டு மரியசெல்வம் வந்தார்.

"ஐயா, பெயிலாப் போனா கடலை மில்லுக்கு அனுப்பிரணும்னு இவ ஆத்தா ஒத்தக் கால்ல நிக்கிறா. நாலே நாலு மார்க்குத்தானங்கய்யா."

"நானாப்பா போடுறேன்? குறிப்பு எழுதுனா மார்க்கு தானா விழுகுது."

சந்தனமேரி தலை நிமிர்ந்தாள். "நம்மளா யோசிச்சுக் கேட்டா செறகு மொளைக்கும்னு நீங்கதான சார் எழுதியிருக்கீங்க?"

"அது தீவுல, பாப்பா. இது கீரனூரு."

தம் வாய்ச்சாதுரியத்தை ரசித்து அவரே சிரித்தார். மரியசெல்வம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா தாயி" என்று நடந்தார். அடுத்த வாரம் சந்தனமேரி மில்லில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆத்மநாதன் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தார். இரண்டாம் பதிப்பு, 'அசுரனின் பிள்ளைப்பருவம்' என்ற புதிய அத்தியாயத்துடன் வெளிவந்தது. அசுரனுக்கும் இரங்கும் ஆசிரியரின் கருணை உள்ளத்தைத் திருச்சிப் பத்திரிகை ஒன்று வெகுவாகப் பாராட்டியது. மறுவருஷப் பரீட்சையில் கேள்வி வந்தது: 'அசுரன்மீது நமக்கு இரக்கம் தோன்றக் காரணங்கள் யாவை? ஐந்து குறிப்புகள் தருக.'

நல்லவேளை, நீங்கள் வாத்தியார் இல்லை. சிவப்புப் பேனாவும் உங்களிடம் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் எழுதிய மூன்று வரிகளை வாசித்தபோது மனசுக்குள் ஒரு மார்க் போட்டீர்களே, பத்துக்கு எவ்வளவு?