மூணு குரலும் அஞ்சு குழாயும்

கிள்ளானில் ஓடிய அத்தனை லோரிகளுக்கும் தொண்டை கொடுத்தவர் ஹார்ன் அண்ணே. அவருக்கு வேறு பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சம்சாரமே "ஹார்ன் கடைக்காரர் வீட்டுல இல்லீங்க" என்றுதான் பதில் சொல்வார். ஆகவே எனக்கு அது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

லோரிக்கும் பஸ்ஸுக்கும் ஹார்ன் பூட்டுவது அவர் தொழில். ஆனால் சத்தம் எழுப்பும் எதற்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அவர் நம்பிக்கை. ஊரும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. ரேடியோ வாங்கினாலும் கேசட் பிளேயர் வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைத் தன் கடை வாசலில் பாட விட்டுவிட்டு, சாலையைக் கடந்து எதிர் அஞ்சடியில், அதாவது கடைவரிசை முன்னால் கூரை போட்ட நடைபாதையில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திரும்பி வந்து "தேறும்" என்பார், அல்லது "தேறாது" என்பார். மேல்முறையீடு கிடையாது.

முகதாட்சண்யம் என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. சொந்த மச்சான் கல்யாணத்தில், முகூர்த்தம் நெருங்கும் நேரம் பார்த்து மேடையேறி, நாதஸ்வரக்காரரிடம் சீவாளியை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றி முடிக்கும்வரை மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த மச்சான் எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

எதிர் அஞ்சடியில் இருந்த மின்சாமான் கடையில்தான் நான் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, என் பேச்சைக் கேட்டு ஒரு ஹோம் கம்ப்யூட்டரை இறக்கிவிட்டார். டிவியில் மாட்டினால் கணக்குப் போடும், விளையாட்டுக் காட்டும், பாட்டும் வாசிக்கும் என்று நான்தான் அளந்து விட்டிருந்தேன். மாதக்கணக்கில் அதை யாரும் சீண்டவில்லை. தீபாவளிக்குள் அது விற்காவிட்டால் அதோடு நீயும் கிளம்பு என்று தவுக்கே மலாயில் தெளிவாகச் சொல்லிவிட்டார். கிளம்பினால் எனக்குக் காப்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்குகிற வேலைதான். அதற்கு என் முதுகு சம்மதிக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர்களோ, ஹார்ன் அண்ணே என்ன சொன்னார் என்றுதான் முதலில் விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல் போய், தவுக்கே வைத்த கெடுவையும் சொல்லி அழைத்தேன்.

வந்தார். கணக்கையும் விளையாட்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எனக்கு எதுக்குலா? பாடச் சொல்லு" என்றார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து, ஒரு நலங்குப் பாட்டை எண் எண்ணாகத் தட்டி வைத்திருந்தேன். அதை ஓட விட்டேன்.

"ஒரே நேரத்துல எத்தனை குரல் வரும்?"

"மூணுண்ணே."

"என் ஹார்ன்லயே அஞ்சு குழா இருக்கு தம்பி."

சொன்னதோடு விட்டாரா? ஐந்து குழாய் ஹார்னையும் காற்றடிக்கும் கம்ப்ரசரையும் தள்ளிக்கொண்டு வந்து, ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று கடைக்குள்ளேயே ஒரு அமுக்கு அமுக்கினார். விற்பனைக்கு வைத்திருந்த மின்விசிறி ஒன்று அலமாரியிலிருந்து கீழே விழுந்தது. பக்கத்துத் தையற்கடைக்காரர் மீன் விற்கிற பாசார் வரைக்கும் ஓடிவிட்டார். தவுக்கே மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு குறை. சுரம் விறைத்துக்கொண்டு நிற்கிறதாம், குழையவில்லையாம். பாடுகிறவன் மூச்சு விடுவானாம், இது விடவில்லையாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு மெல்ல இழுத்துக் காட்டினேன். பிரேக் பிடிக்காத லோரி மாதிரி சறுக்குகிறதே என்றார். ஒரு நாள் கரண்ட் போய், நலங்கு மொத்தமும் அழிந்துவிட்டது. அவர் முன்னாலேயே மறுபடி முதலிலிருந்து தட்டினேன். ஆச்சரியமாக, அன்று ஒரு குறையும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்ப தவுக்கே அட்டைப்பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஹார்ன் அண்ணே சாலையைக் கடந்து, தன் கடை வாசலில் நின்று, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எப்படி என்று தவுக்கே கேட்டார்.

"தேறும்" என்றார் அண்ணே. "நானே எடுத்துக்கிறேன்."

தவுக்கே பல்லெல்லாம் தெரியச் சிரித்து, உடனே பில்லைப் போட்டார். என் வேலை தப்பித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணேயோடு சாலைக்கு வந்தேன். அவரிடம் தேறிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. அதை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு, நிஜமாகவே தேறிவிட்டதா என்றேன்.

அவர் ஒரு லோரி போகட்டும் என்று நின்றார்.

"பெட்டி தேறாதுலா. நீ சாப்ட்டியா?"

சத்தத்தைப் பற்றி அந்த மனிதர் சொன்ன ஒரே பொய், எனக்காகச் சொன்னது. அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு வேறு காரணம் வேண்டுமா என்ன?