ஈர்க்குச்சியில் எடுத்த கால் அளவு

எனக்குச் சரியாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மருமகள்தான், "வாயால சொல்லுததை அப்படியே எழுதுங்க அத்தை" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். பிழை இருக்கும், மறதியும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் ஒரு வியாதி என்றால், அந்தக் காலத்தில் எனக்கு அது முற்றிப்போய்க் கிடந்தது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், குழாயடியில் யாராவது என் பேரைக் கேட்டால் குடத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

அறுபதுகளில் ஒரு வருஷம். வீட்டுக்காரருக்கு மில்லில் பத்லி வேலை. நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் இவரை உள்ளே கூப்பிடுவார்கள். அந்த வருஷம் பார்த்து மில்லில் ஒருத்தருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. (இவர் கேட்டில் போய் நின்றுவிட்டு, நான் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார்.) வாடகை பாக்கி ஏறியதால், நாங்கள் இருந்த ஒற்றை அறைக் கோலியைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரச் சேட்டு நெருக்க ஆரம்பித்தார். அப்போதுதான் மாட்டுங்காவில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை அமைந்தது. ஒரு வாரம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். வெள்ளைச் சேலை அவர்களே கொடுத்தார்கள். கறுப்புத் தோல் பூட்ஸ் மட்டும் நாமே கொண்டுவர வேண்டும். எனக்கு முந்திய ஆயா ரப்பர் செருப்போடு ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். அதனால் மேட்ரன் பூட்ஸ் விஷயத்தில் ரொம்பக் கறார்.

தாராவியில் தோலுக்கா பஞ்சம். எங்கள் சந்து முனையிலேயே செய்யது மாமாவின் பட்டறை இருந்தது. மேலப்பாளையத்துக்காரர். ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் இவர் அவரை மாமா என்பார், நானும் (மனசுக்குள்) மாமா என்பேன். இவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மாமா தரையில் ஓர் அட்டையைப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, "காலை இப்படி நீட்டும்மா" என்றார்.

பெரியவர் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதா? அதுவும் அவர் கையால் பிடித்து வரைவாராமே. நான் வந்த வழியே திரும்பி நடந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"ஏளா, டாக்டர் கேட்டா நாக்கை நீட்ட மாட்டியா?" என்று இவர் வெளியே நின்று கேட்டார்.

"நாக்கு வேற, காலு வேற" என்றேன்.

கடைசியில் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்கு எல்லாக் கஷ்டமும் வந்திருக்கிறது.) எங்கள் ஊர்ப் பக்கத்தில் செருப்பு வாங்கச் சந்தைக்குப் போகிறவரிடம் அளவை ஈர்க்குச்சியில் எடுத்துக் கொடுத்துவிடுவோம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்துக் கிள்ளி, இவரிடம் கொடுத்தனுப்பினேன். அகலம் எவ்வளவு என்று மாமா கேட்டாராம். இவர் ஈர்க்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒல்லியாத்தான் இருக்கு மாமா" என்றாராம்.

என் காலோ வெறுங்காலாகவே நடந்து வளர்ந்தது. முன்பக்கம் சுளகு மாதிரி விரிந்திருக்கும். பூட்ஸ் வந்தபோது நீளம் கச்சிதம். அகலம்தான் யாரோ வெள்ளைக்காரச் சீமாட்டிக்குத் தைத்தது போல இருந்தது. விளக்கெண்ணெய் தடவி, இவர் தள்ள, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்க, ஒருவழியாகக் கால் உள்ளே போனது. பத்தவில்லை என்று மாமாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் மறுபடியும் காலை நீட்டச் சொல்வாரே. பேசாமல் வேலைக்குப் போனேன்.

மேட்ரனுக்கு என் நடை ரொம்பப் பிடித்துப்போனது. பிள்ளை பெற்றவர்கள் தூங்குகிற இடத்தில் இவளைப் போலத்தான் பூனை மாதிரி நடக்க வேண்டும் என்று மற்ற ஆயாக்களுக்கு என்னைக் காட்டினாள். ஒவ்வோர் அடிக்கும் நான் உள்ளுக்குள் முருகனைக் கூப்பிட்டது அவளுக்கு எங்கே தெரியும்.

வாரத்தின் கடைசி நாள். டாக்டரம்மா சுற்றி வரும்போது என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று சொல்ல வேண்டும். மூலை அறையில் மாட்டுங்கா மாமி ஒருவர், மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருந்தார். தொட்டில் பக்கத்து மேஜையில் சாமி படமும் குங்குமமும் வைத்திருந்தார். நான் குழந்தையைத் தூக்கப் போனேன்.

"சுவாமிகிட்ட தோலைப் போட்டுண்டு வரப்படாது. கழட்டிட்டு வா" என்றார்.

கழற்றினேன். அந்தச் சுகத்தை என்னவென்று எழுத. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொடுப்பதற்குள், இரண்டு காலும் புளித்த மாவு போலப் பொங்கிவிட்டன. வராந்தாவில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. ஓடிப்போய் இடது காலை எப்படியோ திணித்தேன். வலது காலுக்கு வீம்பு. மேட்ரன் ஒரு கரண்டியைக் குதிகாலில் கொடுத்து பூட்ஸ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எட்டி, மேஜையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் குதிகாலில் கொடுத்து ஒரு மிதி மிதித்தேன். கால் போய்விட்டது. கொடுத்ததுதான் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தால், குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை. மூக்கு பூட்ஸுக்குள்ளே, வயிறு வெளியே.

டாக்டரம்மா உள்ளே வந்தார், பின்னாலேயே மேட்ரன். நான் சேலையை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றேன். குழந்தைக்கும் அப்போதுதான் பசிக்க வேண்டுமா.

"இங்கதானே பாலாடைய வச்சேன்" என்று மாமி தேட ஆரம்பித்தார். மேஜை, தொட்டில், தலையணை அடி என்று தேடி, மகளையே ஒருபக்கம் புரட்டிப் பார்த்தார். வெள்ளிச் சாமான். அறைக்குள் வந்த வெளியாள் நான் ஒருத்திதான். மேட்ரன் மெல்லத் திரும்பினாள்.

"பாயி, வோ சாந்தி கா வாட்டி கிதர் கயா?" (வெள்ளிக் கிண்ணம் எங்கே போச்சு என்று கேட்கிறாள். குரலில் வேறு கேள்வி இருந்தது.)

வேலை போகட்டும், கோலி போகட்டும், திருடி என்ற பேரோடு எப்படி வீட்டுக்குப் போவது? வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வார்த்தை வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி, டாக்டரம்மா, மேட்ரன், மாமி, சாமி படம் எல்லாருக்கும் நேராக வலது காலை நீட்டினேன்.

குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. (இது நானாகச் சேர்த்தது என்று மருமகள் சொல்கிறாள்.)

"அடிப்பாவி, கொழந்தை வாயில வைக்கறதுடி அது" என்று மாமி தலையில் கைவைத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த அவர் மகள்தான் முதலில் சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். என்னை உட்காரவைத்து, மேட்ரன் பிடித்து இழுத்துப் பூட்ஸைக் கழற்றினாள். கொப்புளங்களைப் பார்த்ததும் டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் கையாலேயே மருந்து போட்டுக் கட்டினார். இவள் இருக்கட்டும், ஆனால் காலுக்குச் சேர்ந்த பூட்ஸோடு வரட்டும் என்று மேட்ரனிடம் சொன்னார். மூக்கு கோணிப்போன பாலாடையை மாமி இரண்டு விரலால் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், இவரைக்கூடக் கூப்பிடாமல், கட்டுப்போட்ட காலோடு பட்டறைக்குப் போனேன். சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, உட்கார்ந்து காலை நீட்டினேன். மாமா அந்தக் காலையும் தன் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வீக்கம் வத்துன பொறவு வா புள்ள. இப்ப வரைஞ்சா எங்கிட்ட இருக்க அட்டை பத்தாது."

அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் வீட்டில் யார் வாய் திறக்கக் கூச்சப்பட்டாலும் "காலை நீட்டு" என்பது வழக்கமாகிவிட்டது. மகன் பாண்டுப் பக்கம் வேலை பார்த்த கம்பெனியில் லீவு கேட்கத் தயங்கியபோது அவன் அப்பா சொன்னது அதுதான். போன வருஷம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்கத் தயங்க, மருமகள் பழக்கதோஷத்தில் "காலை நீட்டு தாயி" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா காபியை அப்படியே கீழே வைத்தார். நான்தான் முன்னால் வந்து, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் இந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

வலது கால் என்று எழுதியிருக்கிறேன். இவர் இருந்தவரை இடது கால் என்றே சாதித்தார். டாக்டரம்மா பார்சியா குஜராத்தியா என்பதும் இப்போது குழம்புகிறது. அந்த மாமி வீட்டார் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள்.