ட்ரெட்மில் விற்ற உஷார் மாமா

உலகத்தில் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடமாடுகிறது. அதற்கு உஷார் பேர்வழி என்று பெயர். 'என்னை எவனும் ஏமாத்த முடியாது' என்பதுதான் அதன் குரல். காலையில் காப்பி குடிக்கும்போதும் கத்தும், ராத்திரி கதவைச் சாத்தும்போதும் கத்தும்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். கடையில் மீதிச் சில்லறையை வாங்கி, கடைக்காரர் கண்ணெதிரே எண்ணி, வெளியே வந்து விளக்குக் கம்பத்தடியில் இன்னொரு தரம் எண்ணி, உப்புப் பொட்டலத்துக்குக்கூட காலாவதித் தேதி தேடி, தக்காளியைக் கூடையின் அடியிலிருந்து உருவியெடுத்து, டாக்டர் எழுதிய மருந்தை டாக்டர் எதிரிலேயே போனில் தேடிப் பார்த்து, பூட்டிய வீட்டைப் பாதி மாடிப்படி இறங்கிய பிறகு திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆசாமி இவர்தான். யாராவது ஏமாந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் இவருக்கு ஒரு சுற்றுச் சதை போடும். "படிச்சவன்தானே? கொஞ்சமாவது யோசிக்க வேணாம்?" என்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட!

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். ஒரு பெரிய கிடங்கில், வந்து இறங்குகிற சரக்கைச் சரிபார்க்கும் வேலை. நசுங்கிய பெட்டி, கிழிந்த மூட்டை எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. தப்பில்லை, அதற்குத்தான் சம்பளம். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் மனிதர்களை அதே கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உஷார் மாமா என்று நாங்கள் வைத்த பெயரைக் கேலி என்று அவர் இன்றுவரை சந்தேகப்பட்டதில்லை.

மாமா வீட்டு முன்னறையில் ஒரு ட்ரெட்மில் நின்றது. தள்ளுபடியில் வாங்கியது. முதல் வாரம் அதில் மாமா நடந்தார், பிறகு ஈரத்துண்டுகள் குடியேறின. அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் அவளுக்குக் கிடைத்திருந்தது. பல வருஷம் பிளவுஸும் தலையணை உறையுமாகத் தைத்தவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். துணி வாங்கப் பள்ளிக்கூடம் முன்பணமும் கொடுத்திருந்தது. அது அக்கா, மாமா இருவர் பெயரிலும் இருந்த பேங்க் கணக்கில் கிடந்தது. ஓரம் பிசிறாமல் அடிக்க ஓவர்லாக் மெஷின் வேண்டும். அதை வைக்க இடம் வேண்டும். ட்ரெட்மில்லை விற்றால் இடமும் வரும், மெஷினுக்குப் பணமும் வரும். அக்கா சொன்னாள், மாமா துண்டுகளை அகற்றிப் படம் எடுத்து ஆன்லைனில் போட்டார்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளி வேன் டிரைவர். மனைவியை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். மெஷினை ஓட்டிப் பார்த்தார், சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார், பணத்தை எடுத்து நீட்டினார். மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"ஏன் பேரம் பேசல?"

"விலை சரியாத்தானே சார் இருக்கு?"

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அடையாள அட்டை கேட்டார், வீட்டு விலாசம் கேட்டார், மனைவிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யார் என்றும் கேட்டார். டிரைவர் நல்ல மனிதர், அதுவரை பொறுத்தார்.

"சார், நான் பழைய மெஷின் வாங்க வந்தேன். பொண்ணு கேட்டு வரல" என்று சொல்லிவிட்டு, தன் போன் நம்பரை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"நேர்ல வந்த மனுஷனை இப்படி விரட்டிட்டீங்களே!" என்றாள் அக்கா.

"பேரம் பேசாம வாங்குறான்னா உள்ள ஏதோ இருக்கு. உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு."

இரண்டாவதாக வந்தவர் நேரில் வரவில்லை. கப்பலில் இன்ஜினியராம், நடுக்கடலில் இருக்கிறாராம், அதனால் பேச முடியாதாம், எழுதத்தான் முடியுமாம். அப்பாவுக்குப் பரிசாக வாங்குகிறாராம். நீங்களும் நானும் இங்கேயே சிரித்திருப்போம். மாமா சிரிக்கவில்லை, விசாரணை நடத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் இன்ஜினியர் பணிவாகப் பதில் எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'சார், உங்களை மாதிரி ஜாக்கிரதையான ஒருத்தர்கிட்ட வாங்குறதே எனக்குப் பெரிய நிம்மதி.'

இந்த வார்த்தையை மாமாவிடம் அதுவரை யார் சொன்னார்கள்? கடைக்காரர் சொன்னாரா, கிடங்கு முதலாளி சொன்னாரா, கட்டிய மனைவிதான் சொன்னாளா? அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். மனிதர் விழுந்தது அங்கேதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் சடங்கு.

கூரியரில் ஒரு செக் வந்தது. கேட்ட விலையைப் போல மூன்று மடங்குக்கு. கூடவே மெசேஜ்: ஆபீசில் தவறுதலாக, மெஷினை எடுத்துப் போகிற லாரிக்காரர் கூலியையும் சேர்த்து எழுதிவிட்டார்கள், உங்கள் பணத்தையும் சிரமத்துக்குக் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு மீதியை லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மாமா பூதக்கண்ணாடி எடுத்தார். காகிதத்தைத் தடவினார், மையை முகர்ந்தார், முத்திரையின் வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். வட்டமாகத்தான் இருந்தது.

"முதல்ல என் கணக்குல பணம் ஏறணும். அதுக்கப்புறம்தான் ஒரு பைசா அனுப்புவேன்" என்று கறாராக எழுதினார்.

'கண்டிப்பா சார். அதுதான் முறை' என்று பதில் வந்தது. மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

செக்கைப் போட்டார். மறுநாளே கணக்கில் பணம் ஏறியிருப்பதாகப் போன் காட்டியது.

"எதுக்கும் பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் அக்கா.

"பணம் கண்ணெதிர்ல நிக்குது, அவங்களைப் போய் என்னத்தைக் கேக்குறது? விவரம் தெரியாத ஆளுன்னு நெனைச்சுக்குவாங்க."

அதோடு விட்டாரா? லாரிக்காரர் என்று சொல்லிக்கொண்டவரிடம் கூலி ஜாஸ்தி என்று பேரம் பேசினார்! அவரும் அழுது புலம்பிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். குறைத்ததை மாமா தன் பங்கில் வைத்துக்கொண்டு, மீதியை அனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"மச்சான், நீயா இருந்தா கேட்டதை அப்படியே அனுப்பியிருப்பே. பொழைக்கத் தெரியணும்டா."

ட்ரெட்மில்லைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு ஜன்னலோரமாக லாரிக்குக் காத்திருந்தார். லாரி வரவில்லை. அடுத்த வாரம் பேங்கிலிருந்து போன் வந்தது. செக் போலி. ஏறிய பணம் முழுவதையும் திரும்ப எடுத்துவிட்டார்கள். மாமா பேங்க் கவுண்டரில் போய்க் குதித்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"செக்கைப் போட்டதும் கணக்குல பணம் காட்டும் சார். ஆனா செக் எந்த பேங்க்கோடதோ அவங்க சரின்னு பணத்தைக் கொடுத்தாத்தான் அது உங்களுது" என்றார் கிளார்க்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

லாரிக்காரருக்குப் போனது யார் பணம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அக்காவின் முன்பணம். உண்மையைச் சொன்னால், பேங்க் வாசலில் எனக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷம் என்னை ஏமாளி என்று சொன்னவராயிற்றே. வீட்டுக்கு வந்து அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அவள் அழவில்லை, கத்தவில்லை. சீருடை அளவுகள் எழுதிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஒரு வார்த்தை கேக்கச் சொன்னேனே" என்று மட்டும் சொன்னாள்.

வேன் டிரைவருக்குப் போன் செய்து பார்த்தாள். "வேற இடத்துல வாங்கிட்டேன்மா" என்றார் அவர். கடைசியில் துணிக்கடைக்காரரிடம் கெஞ்சிக் கடனுக்குத் துணி எடுத்தாள். ஓவர்லாக் மெஷின் இல்லாமல் ஒவ்வொரு ஓரத்தையும் மடித்து மடித்துத் தைக்கிறாள். விடிவதற்குள் எழுந்து உட்காருகிறாள். விரலெல்லாம் ஊசிக் குத்து.

மாமா திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் ஒரு போன் வந்தது. ஆன்லைனில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிற கம்பெனியாம். முன்கூட்டியே ஒரு சின்னக் கட்டணம் கட்டினால் போதுமாம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கட்டணத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா தையலை விட்டு எழுந்து வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க சாமர்த்தியத்தை இனிமே நூல் வெட்டுறதுல காட்டுங்க."

வெட்டுகிறார். சட்டைக்குச் சட்டை திருப்பிப் பார்த்து, ஒரு பிசிறு விடாமல் வெட்டுகிறார். வேலை சுத்தம்.

எனக்கு இதிலிருந்து ஒன்று புரிந்தது. ஏமாற்றுகிறவர்களுக்கு அசடுகளைக் கண்டால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அசடு ஒவ்வொன்றுக்கும் தயங்கும், மனைவியைக் கேட்கும், பக்கத்து வீட்டைக் கேட்கும், பேங்குக்குப் போய் வரிசையில் நின்று கேட்கும். இதற்குள் எதிராளிக்கே அலுத்துவிடும். உஷார் பேர்வழியிடம் அந்தத் தொல்லை கிடையாது. அவர் யாரையும் கேட்பதில்லை.

சரி, நீங்கள்? கப்பல் இன்ஜினியர் வந்த இடத்திலேயே 'நானாயிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்' என்று சொல்லிக்கொண்டீர்கள். பரவாயில்லை, நானும்தான் சொல்லிக்கொண்டேன். கடைசியாக முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பினீர்களே, அதற்கு முன் யாரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். என்ன, யார் முகமும் நினைவுக்கு வரவில்லையா?