தாத்தாவின் குறடு

பல் டாக்டர் ஸ்டூல்மேல் ஏறி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைச் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் நுழைத்து, தாத்தா படத்தின் வலது மூலையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். உள்ளே, நோயாளி நாற்காலியில், அச்சு எடுக்கிற பசை வாய் நிறைய இறுகிக் கிடக்க, ஒரு பெரியவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"ஏங்க, அந்தப் பெரியவர் வாயில பசையை வச்சு கால் மணி நேரமாச்சு" என்றாள் வரவேற்பு மேஜையிலிருந்த மனைவி.

"மூணு நிமிஷத்துல எடுத்துடணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

டாக்டர் இறங்கவில்லை. மூலையில் ஏதோ கீறல் தெரிந்தது. கையெழுத்தாக இருக்கலாம். கரப்பான்பூச்சி நடந்த தடமாகவும் இருக்கலாம்.

அவருடைய அவசரம் அவருக்குத்தான் தெரியும். ஊரில் புதிதாகக் கட்டியிருக்கும் மியூசியத்துக்குப் பழைய படங்கள் கேட்டிருந்தார்கள். தாத்தா படத்தைப் பார்த்துவிட்டுப் போன மியூசியம் அதிகாரியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வரைந்தவர் யாரென்று தெரிந்தால் பெரிய கூடத்தில் மாட்டுவார்கள். தெரியாவிட்டால் கழிப்பறைக்குப் போகிற நடையில். திறப்பு விழா அடுத்த ஞாயிறு.

எதிர்ச்சாரியில் ஒரு டாக்டரம்மா புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இவர் பக்கம் ஈ காக்கை இல்லை. அங்கே குளிர்சாதனம், மீன்தொட்டி, சிரித்த முகம். இங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் 'மூன்று தலைமுறையாகப் பல் மருத்துவம்' என்ற பலகை. அதற்குச் சாட்சி காத்திருப்பு அறையில் தொங்கிய இந்தப் படம்.

படத்தில் இரண்டு பேர். வலது பக்கம் நெடுநெடுவென்று ஒருவர், கோட்டும் கம்பீரமுமாக, குறட்டை உயர்த்திப் பிடித்து நிற்கிறார். குறட்டின் நுனியில் ஒரு கடைவாய்ப் பல். இடது பக்கம் நாற்காலியில் ஒரு ஒல்லிப்பிச்சான், வாயைக் குகைபோல் திறந்துகொண்டு, உயிர் போகிற மாதிரி கத்துகிறார். டாக்டருக்கு மூன்று வயதிருக்கும்போது அப்பா அவரைத் தோளில் தூக்கி, "அதோ பாரு, தாத்தா" என்று காட்டினார். அப்பா பேச்சில் மகா கஞ்சம். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. மிச்சத்தையெல்லாம் டாக்டரே வளர்த்துக்கொண்டார். தாத்தாதான் இந்த ஊரின் முதல் பல் மருத்துவர், தாத்தா கை வைத்தால் வலியே தெரியாது, தாத்தாவின் நெற்றிதான் தனக்கு வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது.

எதிர்ச்சாரி டாக்டரம்மா மரியாதைக்கு ஒருமுறை பார்க்க வந்தபோது, அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது சார்?"

"கிடைக்கறதுக்கு இது என்ன லாட்டரியா? எங்க தாத்தாம்மா அது. பரம்பரை! பரம்பரைன்னா மீன்தொட்டி வாங்கற மாதிரி கடையில வாங்கிட முடியாது."

"அப்படியா சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு டாக்டருக்கு இன்னும் செரிக்கவில்லை. தாத்தா பெரிய கூடத்தில் ஏறியே ஆகவேண்டும்.

பசை ஒருவழியாகப் பெயர்ந்து வந்தது, பெரியவரின் பாதி உயிரோடு. அவருக்கு எண்பது வயதிருக்கும். கடைசிப் பல்லையும் போன மாதம் எடுத்தாகிவிட்டது. பல் செட்டு வருகிறவரை பொக்கைவாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ரோஷமாக இருந்தார், எல்லாம் சைகைதான். நகக்கண்களில் என்றைக்கோ ஏறிய நீலம். சத்துக் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பெரியவர், ஸ்டூலையும் கண்ணாடியையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. படத்தைக் காட்டினார். பிறகு தன் வாயை ஆவென்று திறந்து காட்டினார். பிறகு டாக்டரின் மார்பில் விரலை வைத்துத் தட்டினார்.

"தெரியுதுங்க ஐயா. படம் நல்லாயிருக்கு, என் பல்லு எப்ப வரும்னு கேக்கறீங்க. வரும், வரும்."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். மேஜையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அழகான கொட்டை எழுத்தில் இரண்டு வரி எழுதி நீட்டினார். டாக்டர் அதைப் பார்க்காமலே புகார்ப் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியை அவர் இதுவரை திறந்ததில்லை. மன நிம்மதிக்கு அதுதான் நல்லது என்பது அவருடைய அனுபவம்.

அன்று மதிய இடைவேளையில் படத்தை இறக்கி, நோயாளி நாற்காலியிலேயே சாய்த்துக் கிடத்தினார். கழுத்துக்கு ஒரு துண்டும் கட்டினார், பழக்க தோஷம்.

"அழுக்கை எடுத்தா கையெழுத்து தெரிஞ்சுடும்" என்றார் மனைவியிடம்.

"படம் சுத்தம் பண்றதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்களேங்க."

"பல்லுல இருக்கற கறையை எடுக்கறவனுக்குத் துணியில இருக்கற கறை பெரிசா?"

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். தாத்தாவின் கோட்டு பளிச்சென்றது. குறட்டிலிருந்த பல்லில் பொடியாக ஒரு கறுப்பு இருந்தது. முப்பது வருடச் சர்வீஸ் சும்மா விடுமா? 'சொத்தை' என்று சொல்லிக்கொண்டே ஊசிக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். பல் முத்துப்போல வெளுத்தது. நாலு மூலையிலும் தேடினார், கையெழுத்தைக் காணோம். அதற்குள் ஸ்பிரிட் வழிந்து நாற்காலிக்காரரின் தாடையை அடைந்து, தாடை கரைந்து கழுத்துக்கு வந்திருந்தது.

"ஐயையோ, அந்த ஆளு உருகறாருங்க!"

"பதறாதே. நோயாளிதானே? தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே."

பல் அடைக்கிற சிமெண்டைக் குழைத்துத் தாடை செய்தார். நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். தாடை கல்லாக நின்றது, ஆனால் பல்லின் நிறத்தில். பார்த்தால் அந்த ஆளுக்கு முகத்துக்கு வெளியேயும் ஒரு பல் முளைத்த மாதிரி இருந்தது. நிறத்தை மாற்ற, செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் மாவை அதன்மேல் பூசினார். இப்போது தாடை நாக்காகிவிட்டது.

மனைவி கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "தாடை போனதுக்கப்புறமும் பாருங்க, வாயைப் பொளந்துகிட்டு, கண்ணை இடுக்கிகிட்டு... கரண்ட் பில் வந்த அன்னிக்கு நீங்க இருக்கிற மாதிரியே இருக்கு."

"உனக்கு எப்பவும் கிண்டல்தான்" என்று டாக்டர் பல் குடைகிற மெஷினை எடுத்தார். ரோஸைக் கொஞ்சம் தேய்த்து மட்டம் பண்ணிவிட்டால் தீர்ந்தது. மெஷின் கிர்ரென்றது. எத்தனையோ பேர் ஈறைத் தொடாமல் பல்லைக் குடைந்த கை. ஆனால் ஈறில் பட்டால் ஆள் கத்துவான், கை நிற்கும். துணி கத்தவில்லை. நாற்காலிக்காரரின் திறந்த வாயில் மெஷின் புகுந்து, துணியைத் துளைத்து, மறுபக்கம் வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஓட்டை வழியாக நாற்காலியின் ரெக்சினைப் பார்த்தார்கள்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு" என்றாள் மனைவி. "அந்த மியூசியம் அம்மாகிட்ட படம் இல்லேன்னு சொல்லிடுங்க."

"இல்லேன்னு சொல்றதா? எதிர்ச்சாரியில கைகொட்டிச் சிரிக்கறதுக்கா? இதுல நமக்கு வேணுங்கறது தாத்தா ஒருத்தர். இந்த ஆளு யாரோ, எவரோ. நூறு வருஷமா நம்ம வீட்டுச் சுவர்ல ஓசியில உக்காந்திருக்கான்."

அறுவைக் கத்தியை எடுத்து, படத்தை நடுவில் நேராக வகிர்ந்தார். கை நடுங்கவில்லை, அதில் அவருக்குப் பெருமைகூட. தாத்தா தனியாக, குறடும் பல்லுமாக, முன்னைவிடக் கம்பீரமாக நின்றார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி படம் பாதியாகிவிட்டாலும், சின்னச் சட்டம் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்கும் வழி கையிலேயே இருந்தது. மருந்துச் சீட்டில் போடுகிற அதே கிறுக்கலைப் பழுப்பு மையில் மூலையில் இழுத்துவிட்டார். அவருடைய எழுத்தை மருந்துக்கடைக்காரரைத் தவிர எவராலும் படிக்க முடியாது. மருந்துக்கடைக்காரரும் ஒரு குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "என்ன பேருன்னே புரியலையே சார்."

"பெரிய கலைஞர்கள் எழுத்து அப்படித்தாம்மா இருக்கும்."

"முன்னே இதுல இன்னொரு ஆள் இருந்தாரே?"

"அது பின்னாடி எவனோ சேர்த்தது. எடுத்துட்டோம்."

அதிகாரியம்மாளுக்கு இன்னும் பதினெட்டு படங்களுக்கு அட்டை எழுத வேண்டியிருந்தது. 'ஓவியர்: கையெழுத்து உண்டு, பெயர் ஆய்வில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். கையெழுத்து இருந்தால் பெரிய கூடம்தான், விதி அப்படி.

வெட்டியெடுத்த பாதியைத் தூக்கிப் போடவும் மனமில்லை; கெட்டித் துணி. பின்னறையில் பல் செட்டுக்கு மாவு குழைக்கிற மேஜைமேல் விரித்துவிட்டார். மறுநாள் பெரியவருடைய அச்சில் மாவு ஊற்றும்போது நாலு கரண்டி அந்த மூஞ்சியின் மேலேயே வழிந்தது. செட்டு எப்படி வருகிறதென்று எட்டிப் பார்த்த பெரியவர் மேஜையைப் பார்த்தார். தாடையில்லாமல், வாயில் ஓட்டையோடு, நெற்றியில் மாவு காய்ந்துகொண்டிருந்த அந்த முகத்தை விரல் நுனியால் துடைத்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஈறு வலிக்குதா ஐயா? ஒரு மாத்திரை தர்றேன்" என்றார் டாக்டர்.

பெரியவர் மாத்திரையை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தில் நல்ல கூட்டம். பெரிய கூடத்தின் நட்டநடுச் சுவரில் தாத்தா நின்றார். கீழே 'இந்நகரின் முதல் பல் மருத்துவர்' என்று அட்டை. டாக்டர் அதன் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தன் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரி டாக்டரம்மாவும் வந்தாள். படத்தைப் போனில் எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி சார். இதை மறக்கவே மாட்டேன்."

தோற்றவள் நாகரிகமாகத் தோற்கிறாள் என்று டாக்டர் பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

விளம்பரத்துக்காகப் பெரியவரையும் வரச் சொல்லியிருந்தார். காலையில்தான் செட்டு பொருத்தியது. அதிகாரியம்மாள், டாக்டரம்மா, நாலைந்து நிருபர்கள் எல்லாரும் சூழ்ந்திருந்த நேரமாகப் பார்த்து, டாக்டர் அவரை முன்னால் இழுத்தார்.

"ஐயா, எத்தனை நாளைக்கப்புறம் வாயைத் திறக்கறீங்க! எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க. செட்டு எப்படி?"

பெரியவர் வாயைத் திறந்தார். பல் நன்றாகத்தான் இருந்தது. குரலும்.

"செட்டுக்கு ஒரு குறையும் இல்லே. நாப்பது வருஷம் இந்த ஊர்ல போர்டு எழுதினவன் நான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வரைஞ்ச படம் இது. படத்துல குறட்டோட நிக்கிறாரே, இவர் இந்த டாக்டரம்மாவோட தாத்தா, அவர் பல் கடை வாசல்ல மாட்டறதுக்கு வரைஞ்சது."

டாக்டர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"நாற்காலியில உக்கார ஆள் கிடைக்கலை. வாத்தியாருக்கு அப்ப பல்வலி. கண்ணாடியைப் பார்த்து வலியோட வலியா தன் மூஞ்சியையே போட்டுட்டார். தத்ரூபம்! அதைப் பார்த்தா வர்ற நோயாளியும் ஓடிடுவான்னு கடைக்காரர் போர்டு வேண்டாம்னுட்டார். வாத்தியாரே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். குறட்டுல இருக்கற பல்லுமேல கறுப்பா, பொடியா பேர் எழுதியிருப்பார். அதையும் சுரண்டியாச்சு போல."

நிருபர்கள் எழுதினார்கள். தாத்தா போய்விட்டார், எதிர்ச்சாரிக்கே போய்விட்டார். ஆனால் முங்குகிறவனுக்கு ஒரு துரும்பு தெரிந்தது: ஓவியரைக் கண்டுபிடித்தவர் என்ற பெயராவது மிஞ்சுமே! டாக்டர் பெரியவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாத்தியார் யாரு? பேரைச் சொல்லுங்க ஐயா! இந்த அட்டையில எழுதிடலாம்!"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க தாத்தா பேரை என்கிட்டயா கேக்கறீங்க, தம்பி?"