மைக்கில் வந்த புலி

அறிவு என்பது டெல்லியிலும் லண்டனிலும்தான் விளைகிறது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை பாண்டிக்குத் தெற்கே பாகூர் பக்கம் வந்து போக வேண்டும். எங்கள் ஊரில் நெல் ஒரு போகம் பொய்த்தாலும் பொய்க்கும்; அறிவு முப்போகமும் தப்பாமல் விளையும். பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் சாயங்காலந்தோறும் கூடும் 'அகில உலக விநோதத் தகவல் பேரவை'தான் அதற்குக் காரணம். தலைமையகம், கிளை அலுவலகம் இரண்டும் அதே பெஞ்சுதான்.

தலைவர் ராஜ்மோகன். பகலில் திருபுவனையில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிப்பார். மற்ற நேரங்களில் உலகத்தை விரிப்பார். ஆராய்ச்சிப் பிரிவு லியோ பிரகாஷ், வில்லியனூரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்பவன். எதிர்க்கட்சி புவனேஸ்வரி, ஊர்க் கோடியில் கரும்பும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டிருந்தாள். செயலாளர் அடியேன் அரிகரன். செயலாளரின் பணி டீ சொல்வது.

பேரவையின் தரத்துக்கு ஒரு சோறு பதம்:

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்," என்று அறிவித்தார் தலைவர்.

"அப்ப நெஞ்சு வலி வந்தா எங்கடா கைய வச்சிக்கும்?" என்றாள் புவனா.

"அதுக்குத்தான் எட்டு கை குடுத்துகிறான்," என்றான் லியோ.

விளக்கம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. அடுத்து பூகோளம்.

"நம்ம ஊர்லேர்ந்து பாண்டி டவுனுக்குப் போனா நடுவுல தமிழ்நாடு வருது. நம்ம ஸ்டேட்டைச் சேர்ந்த ஏனாம் போனா ஆந்திரா, மாஹே போனா கேரளா," என்றார் தலைவர். "சொந்த வூட்டு ஹால்லேர்ந்து சமையக்கட்டுக்குப் போவ பக்கத்து வூட்டு வழியா போறவங்க நாமதான்!"

எங்களுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. டீ ஆறியது.

உலகம் இப்படிச் சீராகச் சுழன்றுகொண்டிருந்த ஆடி மாதத்தில் குரங்குகள் வந்தன. புவனாவின் மல்லாட்டைச் செடிகளைப் பிடுங்கி, கொட்டையைத் தின்றுவிட்டு, செடியை மட்டும் ஒழுங்காக வரப்பில் அடுக்கி வைத்துவிட்டுப் போயின. பேரவை அவசரமாகக் கூடியது.

"குரங்குக்குப் புலின்னா பயம். வீடியோவே பாத்தேன்," என்றார் தலைவர்.

"புலிக்கு நான் எங்கடா போவேன்?" என்றாள் புவனா.

எல்லார் பார்வையும் பெஞ்சுக்கு அடியில் போனது. அங்கே புவனாவின் நாய் துரை படுத்திருந்தான். செம்மண் நிறம், நல்ல உயரம், பிஸ்கட்டைத் தவிர வேறு கொள்கை எதுவும் இல்லாதவன்.

ஞாயிற்றுக்கிழமை திட்டம் நிறைவேறியது. தன் மீசைக்கு வைத்திருந்த ஹேர் டையைத் தலைவர் பொதுநலன் கருதி நன்கொடையாக வழங்கினார். லியோ போனில் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டான். டிசைனர் ஆகையால் நெற்றியில் கொஞ்சம் நிழலும் கொடுத்தான். வாலுக்கு வரும்போது டை தீர்ந்துவிட்டது.

"வாலை யார்டா பாக்கப் போறா?" என்றார் தலைவர்.

துரையை மல்லாட்டைக் கொல்லையில் விட்டோம். குரங்குகள் அவனைப் பார்த்தன. வீறிட்டன. ஒரே ஓட்டமாகத் தண்ணீர் டாங்க் மேல் ஏறின. மகத்தான வெற்றி! அந்த வீறிடலைக் கேட்டுத் துரையும் மிரண்டுபோய்க் கரும்புக்குள் ஓடிவிட்டான். இது மட்டும்தான் திட்டத்தில் இல்லாதது.

கரும்பின் மறுகோடியில் கலியம்மாள் அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது கோடு போட்ட ஒரு முதுகை. அரிவாளை ஒரு பக்கமும் ஒரு செருப்பை இன்னொரு பக்கமும் போட்டுவிட்டு "புலிடோய்!" என்று ஓடி வந்தார். தெரு முனைக்கு வரும்போது புலிக்கு எட்டடி நீளம். மாரியம்மன் கோயில் வாசலுக்கு வருவதற்குள் குட்டியும் போட்டுவிட்டது.

ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் மைக் செட் கட்டியிருந்தார்கள். ஊரே கூடிவிட்டது. நாட்டாமைக்கு நிகரான பக்கிரி பெரியப்பா, பன்றி குத்தும் ஈட்டியைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள கரும்பைச் சுத்தி வளைக்கணும். வெளிய வந்தா ஒரே குத்து. அதுக்கு முன்ன, ராஜ்மோகா, நீ படிச்சவன்டா. புலியைப் பத்திச் சொல்லு."

உண்மையைச் சொல்லிவிடும் நோக்கத்தோடுதான் தலைவர் எழுந்தார். அதற்கு நானே சாட்சி. ஆனால் அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தவன் உண்மையைச் சொன்னதாக எங்கள் தகவல் களஞ்சியத்தில் ஒரு பதிவும் இல்லை.

"பெரியோர்களே! தாய்மார்களே! புலியோட கோடு முடியில மட்டும் இல்ல, தோல்லயே கீது! ரெண்டு புலிக்கு ஒரே மாதிரி கோடு இருக்காது! புலி நல்லா நீச்சல் அடிக்கும்!"

பலத்த கைதட்டல். ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை.

லியோ மைக்கை வாங்கினான். "இது சத்தியமங்கலத்துக் காட்டுலேர்ந்து வந்திருக்க வாய்ப்பு கீது."

"அம்மாந்தூரத்துலேர்ந்து நம்ம பாண்டிக்கு இன்னாத்துக்குப்பா வரணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாரும் இன்னாத்துக்கு வராங்களோ அதுக்குத்தான்!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமாம்பா," என்றார் கலியம்மாள் அக்கா, மூச்சு வாங்கியபடி. "ஒரு மாதிரி தள்ளாடிகினுதான் போச்சு."

ஒருவர் கால்தடத்தைப் போனில் படம் பிடித்து வந்திருந்தார். "நகம் பதிஞ்சிருக்குதே! புலி நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும்னு டிவியில சொன்னாங்களே?"

தலைவர் படத்தை உற்றுப் பார்த்தார். "அவசரத்துல வந்த புலி," என்றார்.

அடியேனும் புலியின் கர்ப்ப காலம் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். கைதட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

மைக்கை விட்டு இறங்கியதும் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். புவனா.

"டேய் அரி, ஈட்டி எடுத்துகினு கெளம்பறாங்கடா! அது துரைடா! சொல்லித் தொலைடா!"

"தலைவர் சொல்றதுதான் முறை," என்றேன்.

"கோடு போட்டது லியோ. அவன்தான் சொல்லணும்," என்றார் தலைவர்.

"டை யாருது?" என்றான் லியோ.

"புரிஞ்சிக்கோ புவனா," என்றார் தலைவர். "இப்ப போயி நாயின்னு சொன்னா, பேரவை பேரு இன்னாவும்?"

இவ்வாறு பொறுப்பு உரிய முறையில் சுற்றுக்கு விடப்பட்டு, மேல்நடவடிக்கைக்குக் காத்திருந்தது. புவனா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த இரைச்சலில் மைக் இல்லாத அவள் குரல் எடுபடாது. திரும்பிக் கரும்பை நோக்கி ஓடினாள்.

தடி, ஈட்டி, பட்டாசோடு ஊர் கரும்புத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளே நுழைந்துவிட்டிருந்தாள்.

"புவனா! வெளிய வாம்மா! உள்ள புலி கீது!" பக்கிரி பெரியப்பா வரப்பில் நின்று கத்தினார்.

கரும்புக்குள்ளிருந்து பதில் வந்தது, அவருக்கு அல்ல. "துரை! தோ, தோ, தோ! இங்க வாடா! பிஸ்கட்டுடா!"

அதற்குள் யாரோ ஒரு முந்திரிக்கொட்டை ஒரு சரவெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டான். வெடி படபடவென்று வெடித்தது. உள்ளே ஏதோ ஊளையிட்டது. கரும்புத் தோகை பலமாக அசைந்தது. பக்கிரி பெரியப்பா ஈட்டியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேரவையின் மற்ற இருவரும் என்ன செய்தார்கள் என்று தெரியாது. அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது புவனா வெளியே வந்துகொண்டிருந்தாள். கை, முகமெல்லாம் தோகை கிழித்த கீறல். அவள் இடுப்பில், குழந்தை மாதிரி, கிடுகிடுவென நடுங்கிக்கொண்டு ஒரு புலி. அது அவள் மோவாயை நக்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. கலியம்மாள் அக்கா மட்டும் கிட்டே போனார். சுற்றி வந்து பார்த்தார். கோடு போடாத வாலைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"அட நாசமாப் போறவனுங்களா! துரை!"

ஊர் சிரித்தது பாருங்கள், குரங்குகள் டாங்கை விட்டே இறங்கி ஓடிவிட்டன. பக்கிரி பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஈட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் தப்பியிருந்தா ஈட்டி அந்தப் பொண்ணு மேல பாய்ஞ்சிருக்கும்டா," என்றார். "அது நாயின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "பெரியப்பா, நான் மைக்குல சொன்னதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, தப்புன்னு காட்டுங்க பாக்கலாம்."

ஊர் யோசித்தது. யாராலும் காட்ட முடியவில்லை. பேரவையின் நம்பகத்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடலோர ஊரான மணப்பட்டிலிருந்து அழைப்பே வந்திருக்கிறது, திமிங்கலம் பற்றிப் பேச. லியோ பேனர் அடித்துவிட்டான். புவனா மட்டும் இப்போது பெஞ்சுக்கு வருவதில்லை. சாலையின் அந்தப் பக்கமாகவே போகிறாள். பக்கத்தில் துரை, அவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால் என்ன? புலியைப் பற்றி உலகத்துக்கே தெரிந்ததையெல்லாம் நாங்கள் மூவரும் மைக்கில் சொன்னோம். எங்களுக்கு மட்டும் தெரிந்திருந்ததைத்தான் ஒருத்தி கரும்புக்குள் போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.