நோன்புக் கஞ்சிக் குண்டானும் நான் காய்ச்சாத சோப்பும்

வேடிக்கை பார்த்தே ஒரு தொழிலைக் கற்றுவிடலாம் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொடைக்கானல் பஜாரில் அந்தப் பதவி என்னிடம் இருந்தது.

யுத்த காலம். சோப்பு கண்ணிலேயே படாது. கல்யாணமாகி மாமனார் வீட்டோடு வந்துவிட்ட நான் (ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளைதான், சிரித்துவிட்டு மேலே படியுங்கள்), திண்டுக்கல்லில் ஒரு சோப்புப் பட்டறை வாசலில் சில நாள் நின்ற தைரியத்தில், "நானே காய்ச்சுறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

மாமா மளிகைக் கடைக்காரர். எதற்கும் ஆச்சரியப்படாதவர். ஏரி உடைந்து பஜாருக்குள் வந்தாலும், "மூட்டைய மேல தூக்குங்கப்பா" என்று மட்டும் சொல்லக்கூடியவர்.

"சோப்பு வந்துச்சுன்னா கடையில ஒரு பக்கம் உங்களுக்கு மாப்ள. வரலேன்னா பழனிக்கு எறங்கி உங்க அண்ணன் பாத்திரக் கடையில சோலியப் பாருங்க" என்றார்.

என் மனைவி ஜமீலாவின் முகம் வாடிவிட்டது. அவளுக்கு மலையை விட்டு இறங்க மனசில்லை. எனக்கும்தான்.

பட்டறையில் துருப்பிடித்த இரும்புக் கொப்பரையில் காய்ச்சினார்கள். குளிக்கிற சோப்பைத் துருவிலா காய்ச்சுவது? மாமியிடம் பளபளவென்று ஓர் அலுமினியக் குண்டான் இருந்தது. நோன்புக் கஞ்சிக்கென்றே துணி சுற்றிப் பரணில் வைத்திருப்பார். யுத்தத்தில் அலுமினியமெல்லாம் ஆகாய விமானத்துக்குப் போய்விட்டதால், இன்னொன்று வாங்கவும் வழியில்லை. கெஞ்சிக் கேட்டேன்.

"பத்திரம் மாப்ள" என்று சொல்லிக் கொடுத்தார்.

விடிந்ததும் கொல்லையில் குண்டானை வைத்துத் தண்ணீர் ஊற்றி, காஸ்டிக் சோடாவைக் கொட்டினேன். அடுப்பில்லை, விறகில்லை. விரலை மரக்க வைக்கும் அந்தத் தண்ணீர் ஆவி பறக்கக் காய்ந்தது! போர்வைக்குள் நின்றிருந்த மாமா வாயைப் பிளந்தார். "சுபுஹானல்லாஹ்!" என்றார். அவர் ஆச்சரியப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எண்ணெய ஊத்துங்க மாப்ள, வெரசா!"

எதை ஊற்றுவது? கொடைக்கானல் குளிரில் தேங்காயெண்ணெய் டின்னுக்குள் பாறையாக உறைந்து கிடந்தது. உருக்குவதற்கு அடுப்படிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது குண்டான் சீறிக்கொண்டிருந்தது. பளபளப்பெல்லாம் கறுத்து, நுரை பொங்கியது. யாரும் அசையவில்லை. எனக்கும் பயத்தைவிட வியப்புதான் அதிகம். கஞ்சி காய்ச்சுகிற பாத்திரம் கண்ணெதிரே சர்க்கரை மாதிரி கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. காஸ்டிக் சோடா இரும்பை விட்டுவிடும், அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பது பட்டறை வாசலில் நின்றவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அடி ஓட்டையாகி எல்லாம் கொல்லைக் கல்லில் ஓடிவிட்டது.

ஜமீலா தகப்பனாரிடம் அழ ஆரம்பித்தாள். "அத்தா, இவங்களப் பழனிக்கு அனுப்பிராதீங்க."

மாமா ஓடுகிற நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமிதான் சல்லடையாகிப்போன குண்டானை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"இவரையா? பாத்திரக் கடைக்கா? இவங்க அண்ணன் நமக்கு என்ன பாவம் செஞ்சாரு?"

நான் மலையிலேயே தங்கினேன். கடையில் ஒரு பக்கமும் கிடைத்தது. பெரும்பாறையிலிருந்து சீயக்காய் வரவழைத்து விற்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் நோன்பு திறக்கும்போது எல்லோருக்கும் கிண்ணத்தில் கஞ்சி வரும். எனக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் வரும்.