லேபிளுக்குக் கொடுத்த படம்

முன்னறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அச்சக டிசைனர் உறுதி பூண்டார். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, எதிரே டி.வி. இருபது வருட இல்லறத்தில் அவர் ஆட்சி செல்லுபடியாகும் இடம் அந்தப் பத்தடிதான். அங்கே தையல் கடை வைக்கப் போகிறாளாம் மனைவி. வாசல் சுவர் முழுக்க போர்டு வேண்டுமாம்.

நேரடியாக மோதினால் தோல்வி நிச்சயம். தொழிலைத் துணைக்கு அழைத்தார். ஊசியும் நூலுமாக அழகான சின்னம் ஒன்றை வரைந்தார். அதை ஈவிரக்கமில்லாமல் சுருக்கி, போட்டோவாக்கி அவள் போனுக்கு அனுப்பினார்.

"இது புள்ளி புள்ளியா சேர்ந்த படம்மா. பெரிசாக்கினா ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி தெரியும். ஒரு சாணுக்கு மேல தாங்காது. பின்னறைக் கதவுக்கு அளவா இருக்கும்."

"உடையாத படமே கிடையாதாங்க?"

"இருக்கு. கோடு கோடா வரையணும். நகம் அளவும் அடிக்கலாம், மலை அளவும் அடிக்கலாம், பிசிறாது. ஆனா அதுக்கு மாசக்கணக்குல வேலை."

முதலில் அப்படித்தான் வரைந்திருந்தார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு துணி லேபிளை நீட்டினாள். சட்டைக் கழுத்தில் வைத்துத் தைப்பது. துணியில் அடித்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, ஊசி கடப்பாரையாக வீங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் தொழிலுக்குப் புதுசான்னு லேபிள்காரர் கேட்டார்."

டிசைனருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நகத்தளவு லேபிள்தானே, என்ன குடிமுழுகிவிடும்? கோடுகளால் ஆன அசலை அந்த நிமிஷமே அனுப்பினார்.

"இதை அடிக்கச் சொல்லு. அப்புறம் தெரியும் நான் யாருன்னு."

வெள்ளிக்கிழமை மாலை தெருமுனை திரும்பியவர் நின்றுவிட்டார். வீட்டு வாசலில் பதினாறடி போர்டு. அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய அச்சக முதலாளியே அடித்துக் கொடுத்தாராம். மூக்கு உரசும் தூரத்தில் நின்று புள்ளி தேடினார். ஆள் உயர ஊசி, முனைவரை கூர்மை. ஒரு பிசிறு இல்லை.

"லேபிளுக்குன்னுதானே வாங்கின?"

"லேபிளுக்கும்தான். நகமும் மலையும் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தெருவில் போன ஒரு பெண்மணி போர்டைப் பார்த்து அசந்து, யார் செய்தது என்று விசாரித்தார். மனைவி டிசைனரைக் காட்டி, "எங்க வீட்டுக்காரர்தான். இவர் வேலைன்னா வேலை" என்றாள். இருபது வருடத்தில் முதல் பாராட்டு. அவர் நெஞ்சு போர்டைவிட அகலமாக விரிந்தது. அதே பெருமிதத்தோடு வாடிக்கையாளரைத் தாமே முன்னறைக்கு அழைத்துப் போய், உட்காரச் சொல்ல நாற்காலியைத் தேடினார்.

அது பின்னறையில், வாஷிங் மெஷினைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது.